ஏரிக்கரையில் ஒரு வாரம்: வீட்டை எங்கே எடுப்பது?

கேள்வி: ஜூன் பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்ட் பகுதிக்குப் போகிறோம். நான், கணவர், 13 வயது மகன், 9 வயது மகள், மாமனார், மாமியார் என ஆறு பேர். மாமியாருக்கு முழங்கால் வலி. பெரியவர்கள் இருவரும் சுத்த சைவம். காலையில் மான்செஸ்டரில் இறங்கி, கார் எடுத்து, ஏழு இரவும் ஒரே வீட்டில் தங்கி, தினம் ஓர் இடமாகப் பார்ப்பது திட்டம். வின்டர்மியர் படகு, மகளுக்காக நீராவி ரயில், கிராஸ்மியர், கெசிக், அல்ஸ்வாட்டர், கானிஸ்டன் எல்லாம் பட்டியலில் இருக்கின்றன. கிராமத்து அமைதியும் வேண்டும், எல்லா ஏரிக்கும் பக்கமாகவும் இருக்க வேண்டும். கணவர் வரைபடத்தைப் பார்த்து, நட்டநடுவில், லாங்டேல் பள்ளத்தாக்கின் கடைசியில் ஒரு பழைய பண்ணை வீட்டைப் பிடித்திருக்கிறார். "இங்கேயிருந்து எல்லாமே சம தூரம்" என்கிறார். எனக்கோ வின்டர்மியர் ஏரிக்கரை ஊரான போனெஸில் ஏரி தெரிகிற வீடு ஒன்று பிடித்திருக்கிறது. எதை எடுக்கலாம்?
ஈசூன் வாசகி

பதில்: சகோதரி, நேராகவே சொல்லிவிடுகிறேன். இரண்டுமே வேண்டாம். ஆம்பிள்சைட் என்ற சின்ன ஊரின் ஓரத்தில், கடைத்தெருவுக்கு நடந்தே போகிற தூரத்தில், சொந்தமாகக் கார் நிறுத்த இடமுள்ள வீடாகப் பாருங்கள். ஏன் என்று சொல்கிறேன். வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, கணவரையும் பக்கத்தில் உட்காரவைத்துப் படித்தால் இன்னும் நல்லது.

உங்கள் கணவர் யோசித்ததில் ஒரு நியாயம் இருக்கிறது. சிங்கப்பூரில் வாழ்கிற நாமெல்லாம் அப்படித்தான் யோசிப்போம். இங்கே தீவின் நடுவில் வீடிருந்தால் எந்த மூலைக்கும் சுலபமாகப் போய்விடலாம், விரைவுச்சாலைகள் எல்லாப் பக்கமும் ஓடுகின்றன. லேக் டிஸ்ட்ரிக்ட் அப்படி இல்லை. அந்தத் தேசியப் பூங்காவின் பரப்பு 2,362 சதுர கிலோமீட்டர், நம் சிங்கப்பூரைவிட மூன்று மடங்குக்கும் கொஞ்சம் அதிகம். அதன் நடுப்பகுதியில் ஊரும் கிடையாது, சாலைச் சந்திப்பும் கிடையாது. அங்கே இருப்பது இங்கிலாந்தின் மிக உயர்ந்த மலையான ஸ்காஃபெல் பைக்கும் (978 மீட்டர்) அதைச் சூழ்ந்த மலைக்கூட்டமும்தான். பனியுகத்தில் அந்த மலைகளிலிருந்து இறங்கிய பனியாறுகள் நாலா திசையிலும் நீளநீளமாகப் பள்ளங்களைக் குடைந்துவிட்டுப் போயின. அவற்றில் தேங்கிய தண்ணீர்தான் இன்றைய ஏரிகள். அந்த மண்ணிலேயே பிறந்து வாழ்ந்த கவிஞர் வேர்ட்ஸ்வொர்த், இந்தப் பள்ளத்தாக்குகளைச் சக்கரத்தின் ஆரக்கால்களோடு ஒப்பிட்டிருக்கிறார். அந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டால் போதும், வீட்டை எங்கே எடுப்பது என்பது பாதி தெளிவாகிவிடும். ஓர் ஆரக்காலிலிருந்து பக்கத்து ஆரக்காலுக்குக் குறுக்கே போக வழி மிகக் குறைவு. வெளியே வந்து, சுற்றிக்கொண்டு, மறுபடியும் உள்ளே போக வேண்டும்.

கணவர் பிடித்த வீட்டையே எடுத்துக்கொள்வோம். லாங்டேலின் கோடியிலிருந்து பாரோடேல் பள்ளத்தாக்கின் கோடியிலுள்ள சீத்வெய்ட் என்ற குக்கிராமத்துக்கு நேர்கோட்டில் அளந்தால் சுமார் எட்டு கிலோமீட்டர்தான். மலையேறுகிறவர்கள் நடந்தே போய்விடுவார்கள். காரில் போவதென்றால் ஆம்பிள்சைடுக்கு வந்து, வடக்கே கெசிக் போய், அங்கிருந்து மறுபடி தெற்கே இறங்க வேண்டும். ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் ஆகிவிடும். மேற்கே வாஸ்டேல் பள்ளத்தாக்குக்கும் இதே கதைதான். நேராகப் பத்து கிலோமீட்டர்போல இருக்கும், ஆனால் குறுக்கே போக ரைனோஸ், ஹார்ட்நாட் என்ற இரண்டு கணவாய்களை ஏறி இறங்க வேண்டும். ஹார்ட்நாட்டின் செங்குத்தான இடத்தில் சாய்வு 33 விழுக்காடு. மூன்று மீட்டர் முன்னே போனால் ஒரு மீட்டர் மேலே போயிருப்பீர்கள். ஒற்றைத் தடம், கொண்டை ஊசி வளைவுகள், எதிரே வண்டி வந்தால் யாராவது ஒருவர் பின்னால் எடுத்தாக வேண்டும். கைப்பேசி வழிகாட்டி தூரம் குறைவு என்று அந்தப் பக்கம் திருப்பிவிடக்கூடும். ஆறு பேரும் பெட்டிகளுமாக அங்கே போகவே கூடாது. இதை நான் யாருக்கும் விட்டுக்கொடுத்துச் சொல்வதில்லை.

அதனால் இந்த மாதிரி ஊர்களுக்குப் போகும்போது வரைபடத்தின் நடுப்புள்ளியைத் தேட வேண்டாம், சாலைகள் கூடுகிற இடத்தைத் தேடுங்கள். ஆம்பிள்சைட் அப்படிப்பட்ட இடம். வடக்கே கிராஸ்மியர் வழியாகக் கெசிக், தெற்கே வின்டர்மியர், மேற்கே லாங்டேலும் கானிஸ்டனும், கிழக்கே கிர்க்ஸ்டோன் கணவாய் தாண்டி அல்ஸ்வாட்டர் என நாலு பக்கமும் அங்கிருந்து வழி பிரிகிறது. உங்கள் பட்டியலைப் பாருங்கள். கிராஸ்மியர் ஆறு, ஏழு கிலோமீட்டர். கானிஸ்டன் பன்னிரண்டு, பதின்மூன்று. அல்ஸ்வாட்டரின் தென்முனைக்கு அரை மணி நேரம். எல்லாவற்றிலும் தூரமான கெசிக்கே 27 கிலோமீட்டர்தான். வின்டர்மியர் படகு ஊரின் தெற்கே உள்ள வாட்டர்ஹெட் படகுத்துறையிலிருந்தே கிளம்புகிறது. போனெஸ் வழியாக ஏரியின் தென்முனையில் லேக்சைட் வரை போய் இறங்கினால், பக்கத்திலேயே ஹேவர்த்வெய்ட் போகும் நீராவி ரயில் நிற்கும். மகளுக்கான நாள் காரைத் தொடாமலே முடிந்துவிடும்.

லாங்டேல் கோடியில் தங்கினால், கானிஸ்டனைத் தவிர மற்ற பெரும்பாலானவற்றுக்கு முதலில் ஆம்பிள்சைடுக்கு வந்தாக வேண்டும். பன்னிரண்டு கிலோமீட்டர்தான், ஆனால் இருபத்தைந்து நிமிடம் பிடிக்கும். போக, வர என்று கூட்டினால் வாரத்தில் நாலு மணி நேரம் ஒரே சாலையில் போய்விடும். அந்தச் சாலை எப்படி இருக்கும் தெரியுமா? இரண்டு பக்கமும் சாந்து பூசாமல் கல்லின்மேல் கல்லாக அடுக்கிய சுவர், இடுப்பளவோ நெஞ்சளவோ உயரம். சுவருக்கும் காரின் பக்கக் கண்ணாடிக்கும் நடுவே ஒரு சாண் இருந்தால் அதிகம். வளைவு திரும்பினால் எதிரே டிராக்டர். நீங்கள் நிறுத்தி, பின்னால் எடுத்து, வண்டி ஒதுங்குவதற்கென்று சுவரை ஒட்டி விட்டிருக்கும் சின்ன இடத்தில் நுழைந்து, அவர் கையைத் தூக்கி நன்றி சொல்லிவிட்டுப் போகும்வரை காத்திருக்க வேண்டும். ஒருமுறை என்றால் சுவாரசியம். தினமும் இரண்டு வேளை, இரவில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போதும் என்றால், ஓட்டுகிறவருக்கு அது விடுமுறையே அல்ல.

லாங்டேலின் அழகைப் பற்றி எனக்கு மறுபேச்சே இல்லை. அந்தப் பகுதியிலேயே கண்ணுக்கு நிறைவான பள்ளத்தாக்கு அதுதான் என்பேன். மலையேறுகிற இரண்டு பேர், காலையில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பி மாலையில் திரும்புகிறவர்கள், அந்தப் பண்ணை வீட்டில் ராஜாபோல இருப்பார்கள். உங்கள் குடும்பம் அப்படியில்லையே. ஒரு நாள் மதியம் போய் ஆற்றோரமாக நடந்துவிட்டு வாருங்கள். ஆம்பிள்சைடிலிருந்து 516 பேருந்து அந்தக் கோடிவரை போகிறது.

போனெஸ் எதற்கு வேண்டாம்? அங்கே கடை, உணவகம், படகுத்துறை எல்லாம் இருக்கின்றன, தப்பான இடம் இல்லை. ஆனால் லேக் டிஸ்ட்ரிக்ட்டிலேயே கூட்டம் அதிகமான இடங்களில் அது ஒன்று. நீங்கள் கேட்ட கிராமத்து அமைதி அங்கே ஜூன் மாதத்தில் கிடைக்காது. அப்புறம், உங்கள் பட்டியலில் பாதி வடக்கே இருக்கிறது. வெயில் அடிக்கிற சனி, ஞாயிறில் வின்டர்மியருக்கும் ஆம்பிள்சைடுக்கும் இடையிலுள்ள சாலையில் கார்கள் ஊர்ந்துதான் போகும். ஏரி தெரியும் வீடு என்பதையும் நன்றாக விசாரியுங்கள். மேல்மாடியில் ஒரு ஜன்னலில், மரங்களுக்கு நடுவே ஒரு கீற்று தெரிந்தாலும் அப்படித்தான் விளம்பரம் செய்வார்கள், அதற்குக் கூடுதல் வாடகையும் கேட்பார்கள். எந்த அறையிலிருந்து தெரியும் என்று கேட்டுப் படம் வாங்குங்கள். என்னைக் கேட்டால் காட்சிக்குப் பணம் கொடுக்க வேண்டாம், கடைக்கு நடந்தே போகிற தூரத்துக்குக் கொடுங்கள். வாட்டர்ஹெட்டில் தண்ணீர் ஓரமாகவே பெஞ்சுகள் இருக்கின்றன, பக்கத்தில் போரன்ஸ் பூங்கா இருக்கிறது. ஜூன் மாதம் அங்கே சூரியன் மறைய இரவு ஒன்பதரை மணிக்கு மேல் ஆகும். சாப்பிட்டுவிட்டு மாமனாரும் மாமியாரும் போய் உட்கார்ந்து வரலாம்.

ஒன்று மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். ஆம்பிள்சைட் கடைத்தெரு ஏரிக்கரையில் இல்லை. வாட்டர்ஹெட்டிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் நடைபாதையுள்ள சாலையை ஒட்டி வீடு கிடைத்தால் அதுதான் உங்களுக்கு உகந்தது. ஊரின் வடக்கு, கிழக்குப் பக்கத் தெருக்கள் மேடு. படத்தில் அழகாக இருக்கும், மாமியாரின் முழங்காலுக்கு ஆகாது. நடைபாதை என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் ஊரில் நடைபாதை இல்லாத சாலையைப் பார்ப்பது அபூர்வம். அங்கே ஊரைத் தாண்டியதும் பல சாலைகளில் சுவரும் தாருமாகத்தான் இருக்கும், நடக்க ஓரமே இருக்காது. "ஊருக்கு ஒரு கிலோமீட்டர்" என்று போட்டிருப்பார்கள், அந்த ஒரு கிலோமீட்டரில் குழந்தையைக் கூட்டிக்கொண்டு நடக்க முடியுமா என்பதைச் சொல்ல மாட்டார்கள். கூகுளின் தெருக்காட்சியில் வீட்டு வாசலிலிருந்து கடைவரை ஒருமுறை "நடந்து" பாருங்கள். பத்து நிமிட வேலை, எல்லா விளம்பரத்தையும்விட நம்பகமானது.

மழையையும் கணக்கில் வையுங்கள். சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சுமார் 2,100 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. முன்னே சொன்ன சீத்வெய்ட்டில் சுமார் 3,500. அதுவும் நம்மூர்போல ஒரு மணி நேரம் கொட்டிவிட்டு ஓய்கிற மழை இல்லை, காலையில் பிடித்தால் மாலைவரை தூறிக்கொண்டே இருக்கும். ஏழு நாளில் ஒரு நாளாவது அப்படி அமையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாளில் பள்ளத்தாக்குக் கோடியில், கைப்பேசி அலைவரிசையும் சரியாகக் கிடைக்காத வீட்டில் ஒரு 13 வயதுப் பையனை வைத்துச் சமாளிப்பது எப்படி என்று நினைத்துப் பாருங்கள். ஆம்பிள்சைட் என்றால் குடையோடு கிளம்பலாம். ஓடைக்கு மேலேயே கட்டிய பொம்மை வீடுபோன்ற பிரிட்ஜ் ஹவுஸ் இருக்கிறது. மழையில்தான் பார்க்க வேண்டிய ஸ்டாக் கில் அருவி ஊருக்குப் பின்னாலேயே இருக்கிறது. திரையரங்கு இருக்கிறது. அந்தத் திரையரங்கை நடத்துகிற செஃபிரெல்லீஸ் உணவகம் முழுக்க சைவம். பீட்சா, பாஸ்தாதான் கிடைக்கும் என்றாலும், எதில் என்ன கலந்திருக்கிறது என்று பயந்து பயந்து கேட்க வேண்டியதில்லை. அந்தப் பக்கத்து உணவகங்களில் பலவும் இரவு எட்டரை, ஒன்பதுக்குச் சமையலறையை மூடிவிடும். வெளியே வெளிச்சம் இருக்கிறதே என்று ஏமாந்துவிடாதீர்கள்.

மற்ற வேளைக்குச் சமைத்துக்கொள்வீர்கள் என்று நினைக்கிறேன். அரிசி, பருப்பு, மசாலாவை மான்செஸ்டரிலேயே, ரஷோம் வட்டாரத்து வில்ம்ஸ்லோ சாலைக் கடைகளில் வாங்கிவிடுங்கள். பொடி வகைகளைத் தேக்காவிலிருந்தே கொண்டுபோகலாம். பால், இறைச்சிப் பொருள்களை இங்கிருந்து பிரிட்டனுக்குள் கொண்டுபோக அனுமதி இல்லை, நெய்யையும் அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி வீட்டின் உள்ளே. நீங்கள் வீவக அடுக்குமாடியில் மின்தூக்கியில் ஏறி இறங்கிப் பழகியவர்கள். அங்கே பண்ணை வீடு என்றால் பலவும் இருநூறு, முந்நூறு வருடத்துக் கட்டடங்கள். தடித்த கற்சுவர், தலை இடிக்கும் உத்திரம், ஏணிபோல நிமிர்ந்த குறுகலான மாடிப்படி. படுக்கையறைகள் மேலே இருக்கும், ஒரே குளியலறை கீழே சமையலறைக்குப் பின்னால் இருக்கும், அல்லது இதற்குத் தலைகீழாக இருக்கும். நடுராத்திரியில் மாமியார் அந்தப் படியில் இறங்குவதை நினைத்துப் பார்த்து முடிவெடுங்கள். தரைத்தளத்திலேயே ஒரு படுக்கையறை, அதே தளத்தில் கழிப்பறையும் குளியலும், இது இல்லாத வீட்டை எவ்வளவு அழகாக இருந்தாலும் தள்ளிவிடுங்கள். குளிப்பதற்கு உயரமான தொட்டிக்குள் காலைத் தூக்கி வைத்து ஏற வேண்டுமா, தனியாக ஷவர் உண்டா என்பதையும் கேளுங்கள். ஆறு பேர் படுக்கலாம் என்று போட்டிருந்தால், அதில் இரண்டு பேருக்குச் சோபாதானா என்றும் கேளுங்கள்.

கார் விஷயம் வீட்டோடு சேர்ந்ததுதான். ஏழு பேர் அமரும் வண்டியில் மூன்றாவது வரிசையை நிமிர்த்திவிட்டால் பெட்டி வைக்க இடமே இருக்காது. ஆறு பேருக்கும் சேர்த்து நாலு பெட்டிக்கு மேல் வேண்டாம், அல்லது ஒன்பது பேர் வேனாக எடுங்கள். வேன் என்றால் வீட்டின் கார் நிறுத்துமிடத்துக்குள் நுழையுமா என்று அளவு கேட்க வேண்டும். கணவரின் உரிமம் 3ஏ என்றால் ஆட்டோமேட்டிக் வண்டியை இப்போதே பதிவு செய்யுங்கள். அங்கே வாடகைக்குக் கிடைப்பவற்றில் கியர் வண்டி நிறைய. கடிதத்தைப் பார்த்தால் ஓட்டுவது அவர் ஒருவர்தான் போலிருக்கிறது. அவருக்கும் ஓய்வு வேண்டாமா? ஆம்பிள்சைடிலிருந்து கெசிக்குக்கு 555 பேருந்து கிராஸ்மியர் வழியாகப் போகிறது. மேல்தட்டில் முன் இருக்கை கிடைத்தால் முக்கால் மணி நேரமும் மலையும் ஏரியும்தான். கெசிக்கில் இறங்கி டெர்வென்ட்வாட்டர் ஏரியோரம் ஃபிரையர்ஸ் கிராக்வரை சமதளப் பாதையில் பெரியவர்களும் நடக்கலாம். வாரத்தில் இரண்டு நாள் காரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். கானிஸ்டன் போகிற நாளில் டார்ன் ஹவ்ஸ் என்ற சிறு ஏரியைச் சுற்றி மூன்று கிலோமீட்டர் நல்ல பாதை இருக்கிறது. அங்கே மாமியார் முழுச் சுற்று வராவிட்டாலும், கொஞ்ச தூரம் நடந்து திரும்பினாலே போதும்.

அல்ஸ்வாட்டருக்கு ஆம்பிள்சைடிலிருந்தே நேராக ஏறும் குறுக்குச் சாலை மிகவும் செங்குத்து. வின்டர்மியர் பக்கமிருந்து கிர்க்ஸ்டோன் கணவாய்க்கு ஏறும் சாலையில் போகச் சொல்லுங்கள். பத்து நிமிடம் கூடுதலாகும், பரவாயில்லை.

தேதி பற்றி ஒரு வார்த்தை. மே மாதக் கடைசி வாரம் அங்கேயும் பள்ளிகளுக்கு இடைவிடுமுறை, எல்லாமே நிரம்பி வழியும். அதன் பிறகு ஜூலைக் கடைசிவரை அவர்கள் பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள். அதனால் ஜூன் இரண்டாவது வாரத்துக்குப் பிறகு போவது உங்களுக்கு நல்லது. வார வாடகை வீடுகள் பெரும்பாலும் வெள்ளி அல்லது சனியில்தான் கைமாறும், மாலை நாலு மணிக்கு மேல்தான் சாவி கிடைக்கும். நீங்கள் இறங்குவது காலையில். பதினாலு மணி நேரம் பறந்துவிட்டு, ஏழு மணி நேர வித்தியாசத்தில், 130 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப்போய் வாசலில் காத்திருப்பதைவிட, முதல் இரவை மான்செஸ்டரில் கழியுங்கள். காரை மறுநாள் காலையில் எடுங்கள். கடைக்கும் அன்றே போய்விடலாம். வீட்டில் ஆறு இரவுதான் தங்குவீர்கள் என்றாலும், முழு வார வாடகையே கேட்பார்கள். அந்த ஓர் இரவுக் காசு வீணல்ல.

இன்னொன்று. உங்கள் மாமனார், மாமியார் எந்தக் கடப்பிதழ் வைத்திருக்கிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. சிங்கப்பூர்க் கடப்பிதழ் என்றால் மின்னியல் பயண அனுமதி போதும், அதை ஆறு பேருக்கும் தனித்தனியாக எடுக்க வேண்டும். நிரந்தரவாசிகளாக இருந்து இந்தியக் கடப்பிதழ் வைத்திருந்தால் முறையான விசா வேண்டும். அப்படியென்றால் விசா கைக்கு வரும்வரை, ரத்து செய்தால் பணம் திரும்பாத வீட்டை எடுக்காதீர்கள்.

ஆம்பிள்சைடில் தோதாக ஒன்றும் அமையவில்லை என்றால் அடுத்து கிராஸ்மியர் பாருங்கள். அதே சாலை, அதே பேருந்து, இன்னும் அமைதி, கடைகள்தான் குறைவு. அங்கேயும் இல்லையென்றால் கெசிக். இரண்டு ஊரில் பிரித்துத் தங்கலாமா என்று சிலர் கேட்பார்கள். பெரியவர்களோடு ஒரு வாரத்துக்கு அந்தப் பெட்டி கட்டும் வேலை வேண்டாம்.

பிடித்த வீட்டுக்காரருக்கு இன்றைக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். தரைத்தளத்தில் படுக்கையறையும் குளியலும் உண்டா, வாசலிலிருந்து கடைவரை நடைபாதை தொடர்ந்து இருக்கிறதா, உங்கள் வண்டி நுழையுமா, எத்தனை நாளுக்கு முன்னால் ரத்து செய்தால் பணம் திரும்பும். இந்த நாலுக்கும் எழுத்தில் பதில் வந்த பிறகு முன்பணம் கட்டுங்கள்.